பாதியில் நிற்கிற அறையும் இரண்டு வெடிப்பும்

கேள்வி

சேர், நாங்கள் யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருக்கிறோம். நான் பாடசாலை ஆசிரியை. வீடு 1974 இல் அப்பா கட்டின ஓட்டு வீடு. அப்பாவுக்கு இப்போது 81 வயது. இரவில் எழும்பிக் குசினியைத் தாண்டி வெளியில் போய்வர அவரால் ஏலாது என்பதால், பின்பக்கம் 12க்கு 14 அடியில் ஓர் அறையும் அதோடு ஒட்டின குளியலறையும் கட்டத் தொடங்கினோம். பழைய வெளி மலசலகூடத்தை முந்தியே இடித்திருந்தோம். அந்தப் பக்கமாகத்தான் அறையை நீட்டினோம். சிலாப் போட்டால் பிறகு மேல்மாடி எடுக்கலாம் என்பது கனடாவில் இருக்கும் தம்பியின் விருப்பம். காசும் அவர்தான் அனுப்புகிறார்.

வைகாசியில் தொடங்கின வேலை லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு யன்னலுக்கு மேலே பீம் வருகிற மட்டத்தில், நிற்கிறது. மேசன் ஆடிக்குப் பிறகு வரவில்லை. ஃபோன் எடுத்தால் "நாளைக்கு வாறன் ரீச்சர்" என்கிறார். பேசின கூலியில் முக்கால்வாசி கொடுத்தாயிற்று. இதற்குள் சுவரில் இரண்டு இடத்தில் வெடிப்பு. ஒன்று பழைய சுவரும் புதுச்சுவரும் சேருகிற இடத்தில், மேலிருந்து கீழாக நேரே ஓடுகிறது. மற்றது பின்மூலையில், யன்னல் மூலையிலிருந்து படி ஏறுவதுபோல. மேலே போகப் போக அகலம். வேறு இரண்டு மேசன்மாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர், "உதை இடிச்சுப்போட்டுத்தான் கட்டோணும்" என்றார். மற்றவர், "ஒண்டும் பயமில்லை, பூசினால் தெரியாது, சிலாப்பைப் போடுவம்" என்றார். பழைய சுவர்ப் பக்கம் தூண் இல்லை. அந்தப் பக்கம் சிலாப்பைப் பழைய சுவரிலேயே ஏற்றலாம் என்று முதல் மேசன் சொல்லியிருந்தார். அவர் கொப்பித் தாளில் கீறிக் காட்டினதுதான் படம். பிரதேச சபையில் அனுமதி எடுக்கவில்லை. மாரியும் வரப்போகிறது. யாரை நம்புவது, யாரைக் கூப்பிடுவது?

பதில்

ரீச்சர், உங்களிடம் வந்த இரண்டு மேசன்மாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பின ஆறு படங்களையும் கடிதத்தையும் சேர்த்துப் பார்த்தால், இடிக்கச் சொன்னவர் பின்மூலையைப் பார்த்திருக்கிறார்; பயமில்லை என்றவர் பழைய சுவரோடு சேருகிற இடத்தைப் பார்த்திருக்கிறார். இரண்டும் வேறு வேறு வருத்தம். ஒன்றுக்கு மருந்தே தேவையில்லை. மற்றதை மூடி மறைத்தால் ஆளையே விழுத்தும். ஆனபடியால் இப்போதைக்குச் சிலாப்பை மறந்துவிடுங்கள். பலகை அடிக்கிறவர் நாள் கேட்டால் நாள் கொடுக்கவேண்டாம்.

நேராக ஓடுகிற வெடிப்பை முதலில் எடுப்போம். அப்பாவின் வீடு இறங்கவேண்டியதெல்லாம் இறங்கி, அரை நூற்றாண்டாக நின்ற இடத்தில் நிற்கிறது. புதுச்சுவர் அப்படி இல்லை. கட்டக் கட்ட அதற்குக் கீழே மண் கொஞ்சம் அமுங்கும்; சீமெந்துக் கல்லும் சாந்தும் காயக் காயச் சுருங்கும். ஒன்று அசையாமல் நிற்க மற்றது அசைந்தால் நடுவில் நீக்கல் விடத்தான் செய்யும். பழைய சுவரைக் கொத்திக் கல்லைப் பல்லுப் பல்லாகக் கோர்த்திருந்தாலும் விட்டிருக்கும். நேராக விடாமல் கோணல்மாணலாக விட்டிருக்கும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பழையதையும் புதியதையும் கட்டிப்பிடிக்க வைக்கவே கூடாது. நடுவில் ஓர் அங்குலம் இடம் விட்டு, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப்பலகைத் துண்டு வைத்து, வெளிப்பக்கம் இழுபடக்கூடிய சீலன்ற் பூசி, உள்பக்கம் ஒரு மரச்சட்டத்தை ஒரு கரையில் மட்டும் அடித்துவிட்டால், வருகிற சனம் அதை வடிவுக்கு அடித்தது என்றுதான் நினைக்கும். இந்த வெடிப்புக்காக நீங்கள் நித்திரை முழிக்கவேண்டாம்.

பின்மூலை வெடிப்புத்தான் என்னை நித்திரை முழிக்க வைக்கும். படி ஏறுவதுபோல் போகிறது, மேலே போகப் போக அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அறியாமலே நல்ல அறிகுறி சொல்லியிருக்கிறீர்கள். ஒரு சுவரின் கரை கீழே இறங்கினால், இறங்குகிற பக்கம் மற்றப் பக்கத்தை விட்டு வெளியே சாயும். அப்படிச் சாயும்போது வெடிப்பு மேலேதான் கூடத் திறக்கும். அதாவது அந்த மூலைக்குக் கீழே அத்திவாரம் இருக்கப் பலமான மண் இல்லை. ஏன் இல்லை என்பதற்கும் கடிதத்திலேயே விடை இருக்கிறது: பழைய வெளி மலசலகூடத்தை இடித்த பக்கமாகத்தான் அறையை நீட்டியிருக்கிறீர்கள். மலசலகூடத்தை இடித்தீர்கள், சரி. கிடங்கு எங்கே?

எங்கள் ஊரில் பழைய கிடங்கை மூடுகிற முறை உங்களுக்கும் தெரிந்ததுதான். இடித்த கல்லு, உடைந்த ஓடு, ஒரு வண்டில் குப்பை, மேலே இரண்டு லோட் மண். ஒரு மாரி பெய்தால் நிலம் மட்டமாகிவிடும். அடுத்த வருஷம் அதில் வாழை நிற்கும். பத்து வருஷம் போனால் கிடங்கு இருந்ததே ஒருவருக்கும் ஞாபகம் இராது. அத்திவாரம் வெட்டுகிற மேசனுக்கு மண் கொஞ்சம் இளகினதாக வந்தால், "வெட்டச் சுகமாயிருக்கு" என்று சந்தோஷப்படுவாரே தவிர நின்று யோசிக்கமாட்டார். கோண்டாவில் பக்கம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஒரே வளவுக்குள்ளேயே ஓரிடத்தில் மண்வெட்டி கல்லில் முட்டும், இன்னோரிடத்தில் ஆள் ஆழத்துக்குப் போனாலும் முட்டாது. அதற்குள் கிடங்கும் சேர்ந்தால் அறையின் மூன்று மூலை கல்லில் இருக்க, நாலாவது மூலை குப்பையில் இருக்கும்.

அது இன்னும் இறங்குகிறதா, இறங்கி முடிந்துவிட்டதா என்பதை நீங்களே பார்க்கலாம். படம் சட்டம் போடுகிற கடையில் மெல்லிய கண்ணாடித் துண்டு இரண்டு மூன்று வாங்குங்கள், விரல் நீளம் போதும். வெடிப்பின் இரண்டு கரையையும் தூசி போக நன்றாகத் துடைத்து, கண்ணாடியைக் குறுக்கே வைத்து இரண்டு நுனியையும் அரால்டைட்டால் ஒட்டுங்கள். பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதுங்கள். வெடிப்பின் மேல் நுனி எங்கே முடிகிறதோ அங்கேயும் ஒரு கோடு, ஒரு திகதி. கண்ணாடி உடைந்தால், அல்லது வெடிப்பு கோட்டைத் தாண்டினால், மூலை இன்னும் இறங்குகிறது. இரண்டு மூன்று கிழமை உடையாமல் இருந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் முழுக்க நம்பிவிடாதீர்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கின பிறகுதான் குப்பை மண் தன் குணத்தைக் காட்டும். பாரமும் இன்னும் ஏறவில்லை.

பாரம் என்று சொன்னால் எவ்வளவு? 12க்கு 14 அடி அறைக்கு 5 அங்குலச் சிலாப் என்றால் 70 கன அடி கொங்கிறீற். அது ஏறத்தாழ நாலே முக்கால் தொன். குளியலறைச் சிலாப், பீம், பிறகு வரப்போகிற மேல்மாடி எல்லாம் அதற்கு மேலே. இப்போது அந்த மூலையில் நிற்பது வெறும் ஏழடிச் சுவர், அதற்கே வெடித்திருக்கிறது. "பூசினால் தெரியாது" என்றவர் சொன்னதும் உண்மைதான். பூசினால் தெரியாது, சிலாப் போட்ட பிறகு தெரியும்.

இனி, யாரைக் கூப்பிடுவது? இன்னொரு மேசனை அல்ல, இப்போதைக்கு. மற்றவர் கைவைத்த வேலையில் கைவைக்க நல்ல மேசன் தயங்குவார். தயங்காமல் வருகிறவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பயம். பாதியில் நிற்கிற கட்டடத்தின் பெரிய வில்லங்கமே உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாததுதான். தூணுக்குள் எத்தனை கம்பி, என்ன மொத்தம், அத்திவாரம் எவ்வளவு ஆழம், கீழே கால் விரித்துக் கொங்கிறீற் போட்டதா, வெறும் கல்லில் நிறுத்தினதா? இதெல்லாம் தெரியாமல் புது மேசன் கூலி பேசினால் ஒன்றில் பயத்துக்கும் சேர்த்து விலை சொல்வார், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் இடிக்கச் சொல்வார். உங்களுக்கு வேண்டியது கட்டடங்களின் கட்டமைப்பில் அனுபவமுள்ள ஒரு சிவில் பொறியியலாளர். பட்டயப் பொறியியலாளராக இருந்தால் நல்லது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கத்துவத்தைக் கேட்பதில் வெட்கப்படவேண்டாம். கட்டடங்கள் திணைக்களத்தில் இருந்து இளைப்பாறின பொறியியலாளர்கள் சிலர் இந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்வார்கள். படம் கீறுகிறவர் வேறு ஆள்; அவர் சபைக்குப் படம் கீறித் தருவார், தூண் தாங்குமா என்று அவரிடம் கேட்பது நியாயமில்லை.

பொறியியலாளரை மூன்று தரம் வரச்சொல்லுங்கள், மூன்று தரத்துக்கும் காசு கொடுங்கள். இப்போது ஒருக்கால், மேலே என்ன போடுவதென்றாலும் கம்பி கட்டி முடிந்து கொங்கிறீற் போடுவதற்கு முதல்நாள் ஒருக்கால், முட்டுக்கால் கழற்றுகிற நேரம் ஒருக்கால். "ஃபோனில் படம் அனுப்பினால் பார்த்துச் சொல்லமாட்டாரோ" என்று தம்பி கேட்பார். நானும் படம் பார்த்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அதனால்தான் "இடியுங்கள்" என்றோ "இடிக்கவேண்டாம்" என்றோ எழுதாமல் சுற்றிச்சுற்றி எழுதுகிறேன். வருகிறவர் வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், கண்டதையும் செய்யவேண்டியதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும்.

அவர் வருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வைகாசியிலிருந்து தம்பிக்கு வட்சப்பில் அனுப்பின படங்கள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, திகதி ஒழுங்கில் ஒரு இடத்தில் சேருங்கள். அப்போது அதைத் தம்பியின் மனத்திருப்திக்கு அனுப்பினீர்கள். இன்று அத்திவாரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி அந்தப் படங்கள்தான். கம்பி கட்டினபோது எடுத்த ஒரு மங்கல் படத்தில்கூடக் கம்பிகளை எண்ணலாம். கம்பிக்கடைப் பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் வையுங்கள்: 12 மில்லிமீற்றர்க் கம்பி எத்தனை வாங்கினது என்று தெரிந்தால், தூணுக்குள் போனது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம்.

படத்தில் தெரியாததைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். பின்மூலைத் தூணுக்குப் பக்கத்தில் மூன்றடிச் சதுரத்தில் ஒரு கிடங்கு வெட்டி அத்திவாரத்தின் அடியைக் காணவேண்டும். பலமான வேறொரு மூலையில் இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டையும் ஒரே நாளில் திறந்து வைக்கவேண்டாம், ஒன்றை மூடி இறுக்கின பிறகு மற்றது. தூணில் ஓரிடத்தில் உளியால் கொஞ்சம் கொத்தினால் வளையக் கம்பி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று கட்டியிருக்கிறது, கம்பிக்கு வெளியே கொங்கிறீற் எவ்வளவு மூடியிருக்கிறது என்பது தெரியும். சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள்: நல்ல கொங்கிறீற் "கிண்" என்று பாடும், உள்ளே பொள்ளலாக இருந்தால் "பொத்" என்று இருமும். தூண் தலையில் நீட்டிக்கொண்டு நிற்கிற கம்பி செம்மஞ்சளாக இருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். கம்பிப் பிறஷால் உரசினால் போகிற துரு ஒன்றும் செய்யாது. தகடு தகடாக உரிந்து, கம்பி மெலிந்திருந்தால்தான் யோசிக்கவேண்டும்.

அந்த மூலைக்கு வைத்தியம் இருக்கிறது. கிடங்கு சிறிதென்றால் அதற்கு மேலாக ஒரு கொங்கிறீற் பீம் போட்டு இரண்டு பக்கமும் பலமான மண்ணில் தாங்க வைக்கலாம். ஆழம் குறைவென்றால் குப்பையைத் துண்டு துண்டாக அள்ளி, அள்ளின அளவுக்கு அத்திவாரத்துக்குக் கீழே கொங்கிறீற் கொடுக்கலாம். இரண்டும் சரிவராவிட்டால் அந்த ஒரு மூலையை மட்டும் இடித்துத் திரும்பக் கட்டலாம். எது என்பதைக் கிடங்கைக் கண்ணால் கண்டவர்தான் சொல்லவேண்டும். முழு அறையையும் இடிக்கவேண்டி வரும் என்று எனக்குப் படவில்லை.

இப்போது தம்பி விரும்பாத பகுதிக்கு வருகிறேன். பழைய சுவரில் சிலாப்பை ஏற்றுகிற யோசனையை விட்டுவிடுங்கள். 1974 இல் ஓட்டுக்கூரைக்கென்று கட்டின சுவர் அது. அதன் தலையில் கொங்கிறீற்றையும் மேல்மாடியையும் வைத்தால் இவ்வளவு காலம் அசையாமல் இருந்த வீடும் அசையத் தொடங்கும். அப்போது வெடிப்பு அப்பாவின் பழைய அறைக்குள்ளும் வரும். சிலாப் வேண்டுமென்றால் அந்தப் பக்கமும் தனித் தூண், தனி அத்திவாரம் வேண்டும், அதுவும் பழைய அத்திவாரத்தைக் கிளறாமல்.

அதைவிட ஒரு கேள்வி. மேல்மாடி உண்மையில் வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையால் போனாலும் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற மொட்டைச் சிலாப்புகளைக் காணலாம். எல்லாம் "பிறகு எடுக்கலாம்" என்று விட்டவை. எடுக்கவேண்டிய பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கம்பி இங்கே துருப்பிடிக்கிறது. நீங்கள் அறை கட்டத் தொடங்கினது 81 வயது மனிதர் இரவில் நாலடி நடந்து குளியலறைக்குப் போகவேண்டும் என்பதற்கு. அவர் மேல்மாடி ஏறப்போவதில்லை. பங்குனி சித்திரை வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த சிலாப் இரவு பத்து மணிக்கும் அனல் கக்கும், அதற்குக் கீழே அவரைப் படுக்கவைப்பதை நினைத்துப் பாருங்கள். சிலாப்பென்றால் சதுர அடிக்கு 28 கிலோ. ஓடும் மரமும் சேர்ந்தாலும் அதில் கால்வாசிதான். ஓட்டுக்கூரைக்கு மாறினால் பழைய சுவர்ப் பக்கத்துப் பிரச்சினை பெரும்பாலும் தீரும், பின்மூலை வைத்தியமும் சுருங்கும், செலவும் குறையும். நான் உங்கள் தம்பியாக இருந்தால் ஓடுதான் போடச்சொல்வேன்.

இல்லை, சிலாப்தான் என்று நின்றால், இரண்டு சொல்கிறேன். யன்னலுக்கு மேலே வெளியில் நீட்டுகிற தட்டில் முக்கிய கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும். சில வருஷத்துக்கு முன் என்னைக் கூப்பிட்ட ஒரு வீட்டில் கம்பி சரியாகத்தான் கட்டியிருந்தார்கள். கொங்கிறீற் போட்ட பெடியள் அதன்மேல் நடந்து நடந்து மிதித்துக் கீழே அமத்திவிட்டார்கள். முட்டு எடுத்த அன்று பின்னேரமே தட்டு மடிந்து தொங்கியது. கீழே ஒருவரும் நிற்கவில்லை, அது அவர்களின் புண்ணியம். மற்றது தண்ணீர். கலவை மெசினுக்குள் குழாயைப் பிடித்து அடிக்க விடாதீர்கள். 50 கிலோ சீமெந்துப் பைக்கு 25 லீற்றர் என்பது நல்ல கணக்கு, மண் நனைந்திருந்தால் அதிலும் குறைவு. வாளியால் அளந்து ஊற்றச்சொல்லி, நீங்களே கதிரை போட்டுப் பக்கத்தில் இருங்கள். ஒரு ரீச்சர் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாரும் ஒழுங்காகத்தான் வேலை செய்வார்கள்.

எது போட்டாலும் பழைய ஓட்டுத் தாவாரமும் புதுக்கூரையும் சந்திக்கிற இடத்தை முதலே யோசியுங்கள். பின்னுக்கு அறை நீட்டினவர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவருகிற முறைப்பாடு அந்த ஒழுக்குத்தான். சிலாப் என்றால் அந்தக் கரையில் ஆறு அங்குலமாவது மேலெழும்பின கட்டு இருந்து, தண்ணீர் தடுக்கிற பூச்சு அதில் ஏறி நிற்கவேண்டும். ஓடென்றால் நடுவில் அகலமான பீலி, இலை சருகு அள்ளக்கூடிய மாதிரி.

பழைய மேசனின் கணக்கு. அவரைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மழைக்காலத்தில் கையில் வேலை இராது என்பதால் பங்குனி தொடக்கம் ஆவணி வரை ஒருவரே மூன்று நாலு இடத்தில் வேலை ஒப்புக்கொள்வார். எங்கே காசு முடிகிறதோ அங்கே வரவும் குறையும். உங்களிடம் முக்கால்வாசி வாங்கியாயிற்று, செய்தது அரைவாசிகூட இல்லை. இனி உங்களிடம் வந்து நிற்க அவருக்கு என்ன லாபம்? தப்பு அவரில் மட்டுமில்லை, காசு கொடுத்த முறையிலும் இருக்கிறது. பொறியியலாளர் வருகிற அன்று அவரையும் வரச்சொல்லுங்கள். "சண்டைக்கில்லை, அளக்க" என்று சொல்லுங்கள், அனேகமாக வருவார். எத்தனை அடி அத்திவாரம், எத்தனை தூண், எத்தனை சதுர அடி சுவர் என்று எல்லாருமாக அளந்து எழுதி, அவரும் நீங்களும் கையெழுத்து வைத்தால், யார் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்பது தானாகவே வரும். அத்திவாரம் வெட்டினபோது மண் எப்படி இருந்தது என்பதும் அவருக்குத்தான் தெரியும், அதற்காகவாவது அவரைப் பகைக்கவேண்டாம். வராமலே இருந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை; இரண்டு பக்கத்தையும் இருத்திக் கதைத்து எழுதித் தருவார்கள். புது மேசனோடு பேசும்போது வேலை முடிந்த பகுதிக்கு மட்டும் காசு என்று தாளில் எழுதுங்கள், கடைசிப் பங்கைப் பூச்சு முடிந்து ஒரு மழை பார்க்கும்வரை கையில் வையுங்கள்.

பிரதேச சபை அனுமதியை நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். சொந்த வளவுதானே, பின்பக்கம்தானே என்று எல்லாரும் நினைக்கிறோம். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தொடக்கம் 1978 இன் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வரை, வீட்டோடு சேர்த்துக் கட்டுவதும் கட்டுவதுதான். கோண்டாவில் என்றால் நல்லூர் பிரதேச சபை. உறுதிப் பிரதி, நில அளவைப் படம், சோலைவரி கட்டின பற்றுச்சீட்டு, ஒழுங்காகக் கீறின கட்டடப் படம் இவற்றோடு நீங்களாகவே போங்கள். தொடங்கின பிறகு வந்ததற்கு மேலதிகக் கட்டணம் அறவிடுவார்கள், பேசாமல் கட்டுங்கள். யாரும் முறைப்பாடு எழுதி, சபையால் ஆள் வந்து நிறுத்தின பிறகு போவதைவிட அது எவ்வளவோ மேல். முடிந்த பிறகு, அனுமதித்த படத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்று சபை தருகிற சி.ஓ.சி என்கிற சான்றிதழையும் எடுங்கள். நாளைக்கு வங்கிக்கோ விற்பனைக்கோ போகும்போது அந்தத் தாள் இல்லாவிட்டால் அந்த அறையே இல்லாத மாதிரித்தான்.

அந்த விண்ணப்பத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்கிற முதல் கேள்வி புதுக் குளியலறையின் கிடங்கு எங்கே என்பதாக இருக்கும். நீங்கள் அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. கிணற்றுக்கும் கிடங்குக்கும் 50 அடியாவது வேண்டும் என்பது ஊரில் எல்லாரும் சொல்கிற கணக்கு. எங்கள் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம், கழிவுத் தண்ணீர் மண்ணால் வடிபடாமல் அந்த வெடிப்பால் நேரே ஓடிவிடும். அதனால் அந்தக் கணக்கைக் கடைசி எல்லையாக எடுக்காமல் இயன்ற அளவு தூரமாகப் போங்கள். உங்கள் கிணற்றிலிருந்து மட்டும் அளந்தால் போதாது, மதிலுக்கு அங்காலே பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும் அளவுங்கள். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே பெரிய தலையிடி. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்கிற குடிநீர் எல்லையைத் தாண்டின கிணறுகள் பல. இப்போது பாவனையில் இருக்கிற மலசலகூடத்தின் தொட்டி நல்ல நிலையில், தூரமும் சரியாக இருந்தால், புதுக்கிடங்கு வெட்டாமல் பைப் இழுத்து அதோடு சேர்ப்பதுதான் நல்லது.

கடைசியாக மழை. ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது மேலே ஒரு கட்டும் இல்லாமல் நின்ற தனிச் சுவர்கள் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். லிண்டல் பீம் போடாத உங்கள் பின்சுவர் அந்த வகைதான். இந்தக் கிழமையே இரண்டு பக்கமும் சாய்வாக மரம் முட்டுக் கொடுத்து, சுவர்த் தலையைப் பொலித்தீனால் மூடிக் கல்லு வையுங்கள். அத்திவாரத்தைச் சுற்றி மண்ணை உயர்த்தி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடுகிற மாதிரிச் சரிவு கொடுங்கள். பின்மூலையில் ஒரு சொட்டும் தேங்கக்கூடாது. பழைய வீட்டுப் பீலித் தண்ணீர் இப்போது அந்தப் பக்கம்தான் விழுகிறதென்று மூன்றாவது படத்தில் தெரிகிறது. ஒரு பைப் துண்டு போட்டு அதை முற்றத்துப் பக்கம் திருப்புங்கள். சீமெந்து மூட்டைகள் மிச்சமிருந்தால் வைத்திருக்கவேண்டாம், வேண்டியவருக்குக் கொடுத்துவிடுங்கள், மாரிக்குள் கல்லாகிவிடும்.

ஒரு விஷயத்தை இன்று பின்னேரமே செய்யலாம். அப்பாவைக் கைபிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிப்போங்கள். பழைய கிடங்கு எந்த இடம், எத்தனை முழம் ஆழம், யார் மூடினது, என்ன போட்டு மூடினது என்று கேளுங்கள். நேற்று நடந்ததை மறக்கிற வயதுதான். ஆனால் 1974 இல் தன் கையால் வெட்டுவித்த கிடங்கு எங்கே என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் காட்டுகிற இடத்தில் ஒரு தடியை நட்டு வையுங்கள். பொறியியலாளர் வந்ததும் முதலில் அங்கே தோண்டட்டும்.